கருங்காலி உலக்கையும் கத்தரிச் செடித் தையல்சிட்டும்

கொழும்புக்கு வந்து இருபத்தெட்டு வருடமாகிறது. இந்த ஊரில் உயிரோடு நிற்கும் கருங்காலி மரம் ஒன்றை நான் கண்டதில்லை. செத்துக் கிடந்த தையல்சிட்டு ஒன்றையும் கண்டதில்லை. கருங்காலி எனக்கு எப்போதும் கட்டையாகத்தான் கைக்கு வந்தது. தையல்சிட்டு குரலாகவும் அசைவாகவும் மட்டுமே வந்தது. இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒரு காரணமும் இருக்கவில்லை. முந்திய வருடம் பங்குனியில் ஒரு குருவி எங்கள் பல்கனிக் கத்தரிச் செடியில் கூடு தைக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த யோசனை வந்தது.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், முதலாம் மாடி. குசினிக் கதவுக்குப் பின்னால் அம்மம்மாவின் உலக்கை நிற்கிறது. அம்மம்மா வன்னியில் ஒட்டுசுட்டான்காரி. உலக்கை அவருக்கும் முந்தியது, மாமியார் கையிலிருந்து தனக்கு வந்தது என்று சொல்வார். கருங்காலி வைரத்தில், அதாவது மரத்தின் நடுவில் இறுகிய கறுப்புக் கட்டையில், ஊர் ஓடாவியார் ஒருவர் செய்தது. இரண்டு முனையிலும் இரும்புப் பூண். நடுவில் கைபிடிக்கும் இடம் மட்டும் மெலிந்து, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். எத்தனை பெண்களின் உள்ளங்கை அதைத் தேய்த்திருக்கும் என்று தெரியாது. நான் இடித்தது கொஞ்சம்தான், அரிசிமாவும் மிளகாய்த்தூளும் சின்ன வயதில்.

1990களில் அம்மா அதை வன்னியிலிருந்து கொழும்புக்குக் கொண்டுவந்தார். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் இரண்டு பேர் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார்களாம். மரம் இவ்வளவு பாரமாக இருக்காது, உள்ளே ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்குச் சந்தேகம். கடைசியில் ஒரு வாளித் தண்ணீருக்குள் ஒரு முனையை விட்டுப் பார்த்துவிட்டு விட்டார்கள். எத்தனையோ சாமானை விட்டுவிட்டு வந்த அம்மா இதை ஏன் தூக்கி வந்தார் என்று நான் கேட்டதில்லை. உரல் வரவில்லை. மாடி வீட்டில் உலக்கை போடவும் முடியாது, கீழ்வீட்டுக்காரருக்கு இடி விழுந்ததுபோல இருக்கும். அதனால் அது அப்படியே நிற்கிறது.

சரி, குருவிக்கு வருகிறேன்.

பல்கனியில் பழைய பெயின்ட் வாளி ஒன்றில் கத்தரி நட்டிருந்தேன். இலைகள் உள்ளங்கையைவிடப் பெரிதாக விரிந்திருந்தன. ஒரு காலை ‘ட்டுவீ ட்டுவீ ட்டுவீ’ என்று அடைக்காத தொண்டையில் ஒரு சத்தம். தையல்சிட்டின் குரலை முதன்முதலாகக் கேட்பவர்கள் ஏதோ பெரிய பறவை என்றுதான் தேடுவார்கள். பார்த்தால் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். செம்மண் நிறத்தில் உச்சந்தலை, பாசிப்பச்சை முதுகு, அழுக்கு வெள்ளை வயிறு, நிமிர்த்திய வால். வெள்ளவத்தையில் பஸ் ஹோர்ன், ரயில், பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குரல் கேட்கும். பலர் இதைத் தூக்கணாங்குருவி என்று சொல்வார்கள். அது வேறு. தூக்கணாங்குருவி புல்லைப் பின்னும். இது இலையைத் தைக்கும்.

தைக்கிறதைக் கிட்ட நின்று பார்த்தது என் வாழ்க்கையில் கிடைத்த நல்ல காரியங்களில் ஒன்று. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தைப்பது பெண்குருவி. முதலில் இலையின் ஓரத்தில் அலகால் குத்துகிறது. இலை கிழியாத அளவுக்குச் சின்ன ஓட்டை. பிறகு பறந்துபோய் சிலந்தி நூல் கொண்டுவரும், இல்லாவிட்டால் பஞ்சு, நார். அதை ஓட்டைக்குள்ளால் இழுக்கும். இழுத்த நூல் மறுபக்கம் பிசிர்ந்து ஒரு சின்னப் பொத்தான் மாதிரி உப்பிக்கொள்கிறது. அதுதான் பிடிமானம். முடிச்சே கிடையாது. ஒவ்வொரு தையலும் தனித்தனி, ஆணி அடித்து இறுக்கியது போல. இப்படி இரண்டு இலையை ஒரு பை மாதிரிச் சேர்த்துவிட்டு உள்ளே பஞ்சு வைத்துப் படுக்கை போடும். இலை காம்பிலேயே இருப்பதால் பச்சையாகவே நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் கூடு என்றே தெரியாது.

எங்கள் ஒழுங்கையில் சட்டை தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் கூட்டித் தள்ளும் வெட்டுத் துணியும் நூலும் மதிலோரம் கிடக்கும். மூன்றாம் நாள் குருவி அங்கிருந்து ஒரு நீல நூல் கொண்டுவந்தது, பள்ளிக்கூடச் சட்டைக்கு இலச்சினை தைக்கும் நூல் போலிருந்தது. பச்சை இலையில் நாலு நீலப் புள்ளி. நான் அந்த அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஊசியில்லாம எப்பிடி அக்கா இவ்வளவு நேர் பிடிக்குது” என்று மட்டும் கேட்டார். தொழில் தெரிந்தவரின் கேள்வி அது.

மூன்று முட்டை. எட்டிப் பார்ப்பது குருவிக்கு நல்லதில்லை என்று தெரியும், இருந்தும் ஒரே ஒரு முறை போனை உயர்த்திப் படம் எடுத்தேன். அன்று இரவுதான் உலக்கை ஞாபகம் வந்தது. ஒரு தையல்சிட்டு 6 முதல் 10 கிராம் வரை இருக்கும், இரண்டு தேக்கரண்டி சீனியின் பாரம். உலக்கையை நிறுத்துப் பார்த்தேன். 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அப்படியென்றால் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பது ஐந்நூறு தையல்சிட்டு. இந்தக் கணக்கு ஒன்றுக்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு இரண்டையும் பிரித்து யோசிக்க முடியவில்லை.

கொழும்புக்கும் இந்த இரண்டுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தேசாதிபதியாகக் கொழும்பில் இருந்தவர் யோவான் கிடியோன் லோட்டன். பறவைகளில் பைத்தியமாக இருந்த மனிதர். கம்பனியில் வரைஞராக இருந்த பீட்டர் கொர்னேலிஸ் டி பெவேர் என்ற கலப்புப் பரம்பரை ஓவியரைக் கொண்டு இந்த நாட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் செடிகளையும் வரைவித்தார். செவ்வரத்தைப் பூவில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும், நீண்டு வளைந்த அலகுள்ள ஒரு தேன்சிட்டு எங்கள் பல்கனிக்கு வரும். அதற்கு சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1766இல் வைத்த பெயர் லோட்டனுடையதுதான். லோட்டன் தன்னோடு கொண்டுபோன அந்தச் சேகரிப்பை ஆதாரமாக வைத்துத்தான் இங்கிலாந்தில் தொமஸ் பென்னன்ட் 1769இல் நம் பக்கத்து உயிரினங்களைப் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். தையல்சிட்டுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது அதில். குருவி உதிர்ந்த இலை ஒன்றை எடுத்துவந்து உயிருள்ள இலையோடு சேர்த்துத் தைக்கிறது என்று பென்னன்ட் எழுதியிருக்கிறார். அவர் கூடு தைப்பதைப் பார்த்தவரில்லை. நான் பார்த்தவள், இரண்டும் உயிருள்ள இலைதான். அவர் வைத்த பெயரில் வரும் லத்தீன் சொல் துணி தைப்பவரைக் குறிப்பதில்லை, செருப்புத் தைப்பவரைக் குறிக்கிறது. அந்தத் தையலைப் பார்த்த பிறகு அதுவே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. தோலைத் துளைத்து இறுக்குகிற வேலை மாதிரித்தான் இருந்தது.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1781இல், கருங்காலியின் முறை. லின்னேயஸின் மாணவரான யோஹான் கேனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். இலங்கைக்கும் வந்து செடிகொடி பார்த்துப் போனவர். சந்தையில் விற்கும் கறுப்பு மரம் உண்மையில் எந்த மரத்திலிருந்து வருகிறது என்பதில் ஐரோப்பாவில் அப்போது பெரிய குழப்பம். இந்த மரந்தான் என்று கேனிக் எழுதி அனுப்பியது சுவீடனில் அச்சேறியது. இன்றும் அறிவியல் பெயரோடு அவர் பெயர் வருகிறது. மரத்துக்குப் பெயர் கிடைக்க முன்பே மரம் கப்பலேறத் தொடங்கிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரையிலும் இங்கும் கருங்காலியில் முறுக்குக் கால் வைத்த கதிரைகள் கடைந்து ஐரோப்பாவுக்குப் போயின. எங்கிருந்து வந்தவை என்று அங்கு மறந்தும் போனார்கள். ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயப் பிரபு அவற்றைத் தன் நாட்டின் பழைய டியூடர் அரசர் காலத்துக் கதிரைகள் என்று நம்பி வாங்கிச் சேர்த்தார்.

புறக்கோட்டையில் பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் நூதனசாலை இருக்கிறது. வெயிலில் நாட்டாமைமார் வண்டி தள்ளும் சந்தடிக்குள் திடீரென்று தூண் வைத்த அமைதியான ஒரு கட்டடம். அங்கு கறுப்புத் தளபாடங்களுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். ஒரு கதிரைக் கைப்பிடிக்கு வேண்டிய கறுப்பு, மரத்துக்குள் எத்தனை வருடத்தில் கூடியிருக்கும்?

இதை விளக்க வேண்டும். கருங்காலி வெட்டினால் முழுக்கக் கறுப்பாக இருக்காது. வெளிப்பக்கம் வெளிறிய மஞ்சள், அதை வெள்ளை என்பார்கள். நடுவில் இருக்கும் வைரம்தான் கறுப்பு. இளமரத்தில் வைரம் இருக்காது, இருந்தாலும் விரல் அளவு. மரம் மிக மெதுவாகப் பருக்கிறது, அதைவிட மெதுவாக உள்ளே கறுக்கிறது. வைரம் தண்ணீரில் தாழும். எங்கள் உலக்கை வாளிக்குள் செய்ததும் அதைத்தான். இலங்கைக் கருங்காலிக்கு உலகச் சந்தையில் இருந்த மதிப்பெல்லாம் அந்தக் கறுப்பில் ஒரு கோடுகூட இல்லை என்பதற்காக. அதனால் வெட்டுகிறவருக்குத் தேவைப்பட்டது எப்போதுமே கிழட்டு மரம். காட்டில் விதை கொடுக்கிற மரமும் அதுதான்.

என் மகள் வயலின் படிக்கிறாள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் போகிற வயலின். முதலில் வாங்கிக் கொடுத்தது விலை குறைந்தது. ஒரு மாதத்தில் அவளுடைய இடதுகை விரல்நுனிகள் கறுத்தன. விரல் ஓடும் அந்தக் கறுப்புப் பலகை சாயம் பூசியது. நல்ல வயலினில் அது கருங்காலி இனத்து மரமாக இருக்கும் என்று ஆசிரியை சொன்னார். இப்போது அந்த மரம் பெரும்பாலும் ஆபிரிக்காவிலிருந்து, முக்கியமாகக் கமரூனிலிருந்து, வருகிறது. இலங்கையின் தேசிய சிவப்புப் பட்டியலில் நம் கருங்காலி அழிவாபத்திலுள்ள மரம். அனுமதியில்லாமல் வெட்டுவதும் ஏற்றிப் போவதும் குற்றம். தையல்சிட்டு எந்தப் பட்டியலிலும் கவலைக்குரிய இடத்தில் இல்லை. இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை, வேலியும் செடியும் இருக்கிற இடமெல்லாம் அது இருக்கிறது.

முட்டைகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அடைகாத்து எட்டாம் நாள் காகம் வந்தது. கொழும்புக் காகத்துக்குப் பல்கனி தெரியும், வாளி தெரியும், நான் பாத்திரம் கழுவும் நேரமும் தெரியும். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது கூடு பிய்ந்து தொங்கியது. நீல நூல் இலையிலேயே இருந்தது. இரண்டு குருவிகளும் கம்பியில் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தன. அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கத்தரியை உள்ளே எடுத்து வைத்திருந்தால், வலை கட்டியிருந்தால் என்றெல்லாம் மனம் போனது. மகள் சாப்பிடாமல் படுத்தாள்.

ஆனால் மூன்று கிழமைக்குள் பக்கத்து வீட்டுக் குரோட்டன் பற்றைக்குள் அதே சோடி, நான் அதே சோடி என்றுதான் நம்புகிறேன், இன்னொரு கூடு தைத்தது. முட்டை பொரிக்கப் பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு கிழமை அளவு. வைகாசி முடிய முன் மூன்று குஞ்சு வால் இல்லாமல் வேலியில் வரிசையாக உட்கார்ந்து வாய் பிளந்தன. பங்குனியில் போனது வைகாசியில் திரும்பி வந்துவிட்டது. என் துக்கத்துக்கு இரண்டு மாத ஆயுசு.

அப்போதுதான் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. நாங்கள் ‘அழிகிறது’ என்று சொல்லும்போது எத்தனை மிச்சம் என்று எண்ணுகிறோம். போனதை ஈடுகட்ட எவ்வளவு காலம் வேண்டும் என்று கேட்பதில்லை. காகம் ஒரு தையல்சிட்டுக் கூட்டைப் பிய்ப்பது ஒவ்வொரு நாளும் இந்த நகரத்தில் நடக்கிறது, குருவி குறையவில்லை. அதன் காலம் எங்கள் காலத்துக்குள் பல முறை மடங்கி அடங்குகிறது. ஒரு கிழட்டுக் கருங்காலியை ஒருவர் ஒரு காலைப் பொழுதில் வெட்டிச் சாய்த்தால், அதே பருமனில் இன்னொன்று நிற்பதை அவரும் காணமாட்டார், அவர் பேரனும் காணமாட்டான். அதனால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது. அடுத்த தலைமுறை அந்தக் காட்டைப் பார்க்கும்போது காடு இப்படித்தான் என்று நினைக்கும். எனக்கே அப்படித்தான். சின்ன வயதில் ஒட்டுசுட்டான் காட்டோரம் ஓடித் திரிந்தவள் நான். பாலை தெரியும், பழம் பொறுக்கி வாய் ஒட்டிக்கொள்ளும். வீரை தெரியும், முதிரை தெரியும். கருங்காலி தெரியாது. உலக்கையாக மட்டும் தெரியும்.

மரம் குறைந்தாலும் பெயர் போகவில்லை. கல்குடாப் பக்கம் கருங்காலிச்சோலை என்று ஊர் இருக்கிறது. அதன் ஒன்றுவிட்ட சகோதரமான பனிச்சைக்கும் வாகரையில் பனிச்சங்கேணி இருக்கிறது, அந்தப் பனிச்சங்காய்ச் சாறில்தான் முன்பு மீன்வலைக்குச் சாயம் தோய்த்தார்கள். கடல்வழியாகக் கடத்தும்போது பிடிபட்டது என்று கிழமைக்கு ஒரு தடவை பேப்பரில் வருகிற பீடியிலையும் இதே குடும்பத்து மரந்தான். இன்னொரு பெயர்தான் எனக்கு வலிக்கிறது. வேலைநிறுத்தத்தை முறிப்பவனுக்கும் கூட இருந்து காட்டிக்கொடுப்பவனுக்கும் தமிழில் கருங்காலி என்று பெயர். கோடாலிக்குக் காம்பாகி மற்ற மரங்களை வெட்டுகிறதாம். காம்பைச் செய்தது யார், கோடாலியைப் பிடித்தது யார்? இந்தச் சொல்லை நான் இப்போது அந்த அர்த்தத்தில் பாவிப்பதில்லை. வீட்டில் யாராவது சொன்னால் திருத்துகிறேன்.

சில வருடமாகக் கருங்காலி மாலை என்று ஒன்று பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் தொடங்கி இங்கேயும் வந்துவிட்டது. செட்டியார் தெருப் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது, போனிலும் விளம்பரம் வருகிறது. செவ்வாய் தோசம் போகும், கண்ணூறு படாது என்கிறார்கள். என் பெறாமகன் பல ஆயிரம் கொடுத்து ஒன்று வாங்கி வந்தான். வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் அலைந்த பிள்ளை, அவனுடைய நம்பிக்கையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து மாலையை விடச் சொன்னேன். நூலை அவிழ்த்து மணிகளைப் போட்டான். பாதி தாழ்ந்தது, பாதி மிதந்தது. தண்ணீர் லேசாகக் கறுத்தது.

“அப்ப ஏமாத்திப் போட்டாங்களோ பெரியம்மா?”

மிதந்தவை போலி என்று சொன்னேன். மற்றதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. தாழ்ந்தவை மெய்யான கருங்காலியாக இருந்தால், அவை எங்கோ ஒரு கிழட்டு மரத்தின் நடுவிலிருந்து வந்தவை. ஊரில் ஆயிரக்கணக்கான கழுத்துக்கு மணி உருட்டுமளவுக்கு வைரம் எந்தக் காட்டிலும் மிச்சமில்லை. அவன் நட்சத்திரம் மிருகசீரிடம். “அந்த நட்சத்திரத்துக்குரிய மரம் கருங்காலிதான் தம்பி. நட்டுத் தண்ணி விடுறதுக்குத்தான் நட்சத்திர மரம் எண்டு வைச்சிருக்கினம், கழுத்தில போடுறதுக்கில்லை” என்றேன். அவன் எங்கே நடுவது என்று கேட்டான். மாடி வீட்டில் இருந்துகொண்டு நான் என்ன சொல்ல?

கொழும்பில் நட்டாலும் அது நன்றாக வராது. இது மழைப் பக்கம். கருங்காலி வறண்ட பக்கத்து மரம், மாரியில் குடித்துவிட்டு நாலைந்து மாதம் வெயிலில் தாக்குப்பிடிக்கும் மண் அதற்கு வேண்டும். கம்பஹாவில் தாரலுவையில் 2019இல் ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார்கள். 2012இல் முற்றாக அழிந்துவிட்டது என்று பட்டியலிட்ட, இந்த நாட்டுக்கே உரிய ஒரு காட்டு மரம். அதிவேகப் பாதைக்காக அதை வெட்டப்போகிறார்கள் என்று 2021இல் செய்தி வந்தபோது நாடே பேசியது, மரம் தப்பியது. ஒரேயொரு மரம் மிஞ்சும்போது எங்களுக்குக் கண் திறக்கிறது. ஆயிரம் மரம் நூறாகும்போது திறப்பதில்லை. கருங்காலி இப்போது அந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது.

போன ஆவணியில் குடும்பமாகத் தம்புள்ளைக்குப் போனோம். குகைக் கோயில் பார்க்க வந்த மற்றவர்களை வெயிலில் விட்டுவிட்டு, கண்டலம வீதியில் இருக்கும் பொப்ஹாம் மரத்தோட்டத்துக்கு நானும் மகளும் போனோம். சாம் பொப்ஹாம் ஓர் ஆங்கிலேயர், கடற்படையில் இருந்தவர், பிறகு தேயிலைத் தோட்டத்தில். 1963இல் அங்கே சேனைப் பயிருக்குக் காடு வெட்டிப் பாழான பற்றைக் காணி ஒன்றை வாங்கினார். முதலில் மரக்கன்று நட்டுப் பார்த்தார், வறட்சியில் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு அவர் செய்தது எளிய காரியம். பற்றையை மட்டும் கவனமாக வெட்டி, அதற்குள் தானாக முளைத்து மூச்சுமுட்டிக் கிடந்த காட்டு மரக் கன்றுகளுக்கு வெளிச்சம் விட்டார். பற்றைக்குள் பாலை இருந்தது, முதிரை இருந்தது, கருங்காலி இருந்தது. காடு அங்கேயே இருந்தது. வெளிச்சத்துக்குத்தான் அது காத்துக்கொண்டிருந்தது. இன்று அங்கு நிழலில் நடக்கலாம்.

வழிகாட்டி ஒரு மரத்தைத் தட்டி “கலுவர” என்றார், சிங்களத்தில் கருங்காலி. நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. பொரிந்த கரும்பட்டை, மினுங்கும் சின்ன இலைகள், என் தொடை அளவு அடி. உள்ளே எவ்வளவு கறுப்பு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. நான் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தியிரண்டு வயதில் முதன்முதலாக உயிருள்ள கருங்காலி. குளிர்ச்சியாக இருந்தது. உலக்கையும் எப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, கேளுங்கோ.” பற்றைக்குள்ளிருந்து ‘ட்டுவீ ட்டுவீ ட்டுவீ’. எங்கள் ஒழுங்கைக் குரல்தான். 160 கிலோமீட்டர் தள்ளி வந்து நிற்கிறோம், அதே சத்தம். இரண்டும் சின்ன வயதிலிருந்தே எனக்குச் சொந்தம் என்று நினைத்தவை, ஒரே இடத்தில் உயிரோடு இருக்கிறதை அன்றுதான் பார்த்தேன். குருவி நாங்கள் கட்டிய நகரத்துக்குள்ளும் வந்து, நாங்கள் எறிந்த நூலை எடுத்து வாழப் பழகிவிட்டது. மரத்தால் அது முடியாது. அது நின்ற இடத்தை நாங்கள் விட்டுவைத்தால் மட்டும்தான் அது இருக்கும்.

கொழும்புக்கு வந்த இரவே தம்பிக்குப் போன் எடுத்தேன். அவன்தான் ஒட்டுசுட்டானில் அம்மம்மாவின் காணியைப் பார்க்கிறான். பின்வேலிப் பக்கம் காட்டோடு சேர்ந்த துண்டில் கருங்காலி ஏதாவது நிற்கிறதா என்று கேட்டேன்.

“பெரிய மரம் ஒண்டும் இல்லை அக்கா. கண்டு நிக்கும். அடுத்த கிழமை மெஷின் விட்டுத் துப்பரவாக்கப் போறன்.”

விடாதே என்றேன். ஏன் என்று கேட்டான். பொப்ஹாமைப் பற்றி, வைரத்தைப் பற்றி, குருவியைப் பற்றி எல்லாம் சொன்னேன், அரை மணித்தியாலம். அவன் அமைதியாகக் கேட்டான். அந்தத் துண்டில் மிளகாய் போட இருந்தவன், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசியில் “வேலியோரம் ரெண்டு பாகம் விடுறன்” என்றான். பற்றையைக் கையால் வெட்டினானாம். கருங்காலிக் கன்று மூன்று கண்டதாகச் சொன்னான். பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் வந்து இலையைப் பார்த்து உறுதிசெய்தாராம்.

அடுத்த நாள் படம் அனுப்பினான். உயரம் தெரிவதற்காகத் தன் இறப்பர்ச் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் நட்டமாகச் சாய்த்து வைத்திருந்தான். கன்று செருப்பைவிட ஒரு சாண் உயரம். தண்டு பென்சில் பருமன்கூட இல்லை. பெறாமகனுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். மாலையைக் கழற்றினானா என்று நான் கேட்கவில்லை. தைப்பொங்கலுக்குப் போய் மூன்று கன்றுக்கும் பாத்தி கட்டி, பனையோலையால் மறைப்பு வைத்துவிட்டு வந்தான்.

இந்த ஆவணியில் தம்பியிடம் திரும்பவும் படம் கேட்டேன். அதே செருப்பை வைத்து எடுக்கச் சொன்னேன், அவனும் தேடிப் பிடித்து அதையே வைத்திருக்கிறான். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மகள் ஸ்கேல் கொண்டு போன் திரையில் அளந்தாள். நாலு விரல் கூடியிருக்கிறது என்கிறாள். எனக்கு மூன்று போலத்தான் தெரிகிறது. பல்கனியில் இந்த முறை வெண்டி நட்டிருக்கிறோம், இலை பெரிதாகிவிட்டது, காலையில் சோடி வந்து பார்த்துவிட்டுப் போகிறது. தையற்கார அக்கா ஒரு கொத்து நூலைக் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். இந்தத் தடவை சிவப்பு.